ஆறு கட்டையா, ஆறரைக் கட்டையா? ஒரு ‘வௌவாலின்’ வேகக் கணக்கு

நூறு வருடங்களுக்கு முந்தைய இசைத்தட்டு ஒன்றை இன்று கையில் இருக்கும் போனிலேயே கேட்டுவிடலாம். முதலில் கரகரவென்று ஓர் இரைச்சல். அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் ஒரு சின்ன ஆர்க்கெஸ்ட்ரா. பிறகு கீச்சுக் குரலில் ஒரு பாடகி. அரை நிமிடம் கேட்பதற்குள் மனசு தீர்ப்பு எழுதிவிடுகிறது: ‘அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் அவசர அவசரமாகப் பாடியிருக்கிறார்கள் போல!’

தீர்ப்பு சரியாகவும் இருக்கலாம், முழுத் தப்பாகவும் இருக்கலாம். அந்தப் பாடகி அந்த வேகத்தில் பாடவே இல்லை, காதில் விழுவது அவருடைய உண்மையான குரலும் இல்லை என்று ஆகிவிட வாய்ப்பு உண்டு. தட்டைச் சுழற்றியவர் செய்த தவறுக்குப் பாடியவர் தண்டனை அனுபவிக்கிறார். எழுந்து வந்து பதில் சொல்ல அவர் உயிரோடும் இல்லை.

ஒரு பதிவின் வேகமும் ஸ்ருதியும் குணமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்று பார்க்க, வியன்னா நகரத்து ‘வௌவால்’ ஒன்றைப் பின்தொடர்ந்து போகலாம்.

பழிவாங்கிய வௌவால்

‘டி ஃப்ளெடர்மாவ்ஸ்’ என்றால் ஜெர்மன் மொழியில் வௌவால். யோஹான் ஸ்ட்ராஸ் இசையமைத்த இந்த ஓபரெட்டா 1874 ஏப்ரல் 5 அன்று வியன்னாவின் ‘தியேட்டர் ஆன் டெர் வீன்’ அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. ஸ்ட்ராஸே முன்னால் நின்று நடத்தினார். அப்போது அவருக்கு வயது 48. வால்ட்ஸ் நடன இசையில் ஊரையே ஆட வைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர்.

ஓபரெட்டா என்பது ஓபராவின் குறும்புக்காரத் தங்கை. ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. ஓபரெட்டாவில் பாட்டுக்கு நடுவே பேச்சு வசனம் உண்டு, கிண்டல் உண்டு, நடனம் உண்டு. அழுகை வந்தாலும் அதிக நேரம் நிற்காது.

கதை இதுதான். ஐசன்ஸ்டைன் என்ற பணக்காரர் ஒரு மாறுவேட விருந்து முடிந்ததும், குடித்து மயங்கிய தன் நண்பர் ஃபால்கேயை வௌவால் வேடத்திலேயே வழியில் விட்டுவிட்டு வந்துவிடுகிறார். பொழுது விடிந்த பிறகு, ஊரே பார்த்துச் சிரிக்க, ஃபால்கே அதே வேடத்தில் வீடு திரும்ப வேண்டியதாகிறது. அதற்கு அவர் பழிவாங்குவதுதான் முழு ஓபரெட்டாவும். இளவரசர் ஓர்லோஃப்ஸ்கியின் விருந்துக்கு ஐசன்ஸ்டைனையும், அவருடைய மனைவி ரோசலிண்டையும், வீட்டு வேலைக்காரப் பெண் அடேலையும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவராக, வேறு வேறு பெயர்களில் வரவழைக்கிறார். மேடையில் யாருமே அவர்களாக இல்லை. எல்லோரும் பொய் சொல்கிறார்கள்.

இசையும் அந்தப் பொய்களில் கூட்டு. சில இடங்களில் அதுவே பொய்யை வெளிச்சம் போட்டும் காட்டிவிடுகிறது. அதற்கு ஸ்ட்ராஸ் எடுத்துக்கொண்ட கருவிகள் இரண்டு: வேகமும் ஸ்ருதியும்.

அழுகைக்குள் ஆடும் கால்

முதல் அங்கத்தில் ஒரு காட்சி. ஓர் அதிகாரியை அவமதித்த குற்றத்துக்காக ஐசன்ஸ்டைனுக்கு எட்டு நாள் சிறை. அவர் கிளம்ப வேண்டும். மனைவி, கணவர், வேலைக்காரப் பெண் மூவரும் சேர்ந்து பிரிவுப் பாட்டுப் பாடுகிறார்கள்.

பாட்டு மைனரில் தொடங்குகிறது. மேற்கத்திய இசையில் பொதுவாகச் சோகத்துக்கும் ஏக்கத்துக்கும் மைனர், வெளிச்சத்துக்கும் உற்சாகத்துக்கும் மேஜர். நிதானமான வேகம், இழுத்து இழுத்து வரும் பெருமூச்சு. கேட்பவருக்கே கண் கலங்கும் போலிருக்கும். ஆனால், மேடையில் நிற்கும் மூவருக்கும் உள்ளுக்குள் கொண்டாட்டம். அவர் போகப்போவது சிறைக்கு அல்ல, விருந்துக்கு. மனைவியைத் தேடிப் பழைய காதலன் ஆல்ஃப்ரெட் வரப்போகிறான். வேலைக்காரப் பெண்ணுக்கு இன்று இரவு விடுமுறை.

சில வரிகள்தான் சோகம் தாங்குகிறது. திடீரென்று மைனர் மேஜராகிறது. நிதானம் போல்கா நடனத் துள்ளலாகிறது. வாய் இன்னும் ‘ஐயோ, என்ன துயரம்’ என்ற பாவனையில்தான் இருக்கிறது. கால் ஆடத் தொடங்கிவிட்டது. அரங்கம் சிரிப்பில் வெடிப்பது இந்த இடத்தில்தான்.

நடத்துநர் முதல் பகுதியைக் கொஞ்சம் அவசரமாக ஓட்டிவிட்டால் என்ன ஆகும்? சோகம் சோகமாகவே பதியாது. அது பதியாவிட்டால், அடுத்து வரும் துள்ளலில் சிரிக்க எதுவும் இருக்காது. நகைச்சுவையின் உயிர் அந்த முதல் பகுதியின் பொறுமையில் இருக்கிறது.

இரண்டாம் அங்கத்திலும் இப்படி ஓர் இடம். ரோசலிண்ட் முகமூடி அணிந்து, ஹங்கேரி நாட்டுச் சீமாட்டி என்று சொல்லிக்கொண்டு விருந்துக்கு வருகிறாள். சிலருக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க அவள் ஒரு ‘சார்தாஷ்’ பாடுகிறாள். ஹங்கேரியின் சார்தாஷ் நடனத்துக்கு இரண்டு பாதிகள்: முதலில் மெதுவாக, ஏக்கத்தோடு, பிறகு தீப்பிடித்தது போல வேகமாக. கிளாரினெட் ஒன்று தனியாக இழைந்து முன்னுரை சொல்ல, அவள் தாய்நாட்டை நினைத்து உருகுகிறாள். கடைசியில் பாட்டு வேகமெடுத்து, உச்சி ‘டி’ ஸ்வரத்தில் போய் நிற்கிறது. அந்த மெதுவான பாதியை நம்பும்படி பாடினால்தான் விருந்தில் இருப்பவர்கள் அவளை ஹங்கேரிக்காரி என்று நம்புவார்கள். அரங்கில் இருப்பவர்களும் நம்புவார்கள். அவள் போட்டிருக்கும் முகமூடி துணியால் ஆனது. உண்மையான வேடம் அந்த வேகத்தில்தான்.

தட்டு சுழன்ற வேகம்

இனி பதிவுக்கு வருவோம். 1907-ல் பெர்லினில், புரூனோ சைட்லர்-விங்க்லர் நடத்த, இந்த ஓபரெட்டா தட்டுகளில் பதிவானது. அப்போது மைக் கிடையாது. மின்சாரப் பதிவு 1925-ல்தான் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை பாடகர்கள் ஒரு பெரிய புனலுக்கு முன்னால் நெருக்கியடித்து நின்று பாடினார்கள். வயலின் சத்தம் புனலுக்குள் போதுமான அளவு போகாது என்பதால், உலோகப் புனல் பொருத்திய தனிவகை வயலினைப் பல பதிவுகளில் பயன்படுத்தினார்கள். பெரிய டபுள் பேஸுக்குப் பதிலாக டியூபா ஊதினார்கள். பழைய தட்டில் கேட்கும் ஆர்க்கெஸ்ட்ரா சின்னதாகவும் தகரச் சத்தத்தோடும் இருப்பதற்கு வாசித்தவர்கள் காரணம் இல்லை.

வேகத்தின் கதை இன்னும் சிக்கல். அந்தத் தட்டுகளை எல்லோரும் ‘78’ என்கிறார்கள். நிமிடத்துக்கு 78 சுற்று. ஆனால், ஆரம்பகாலத்தில் எல்லாக் கம்பெனிகளும் 78-ல் பதிவு செய்யவில்லை. 70-க்குச் சற்று மேலே தொடங்கி 80-ஐத் தாண்டியும் போனது. ஒரே கம்பெனியில் ஒரு நாள் ஒன்று, மறுநாள் இன்னொன்று என்றும் இருந்ததுண்டு.

ஒரு பாட்டை 74 சுற்றில் பதிவு செய்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னாளில் ஒருவர் அதை ‘78 தட்டுதானே’ என்று 78-ல் ஓடவிடுகிறார். 78-ஐ 74-ஆல் வகுத்தால் 1.054. அதாவது, வேகம் 5.4 சதவிகிதம் கூடிவிட்டது. நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 48 நொடியில் முடிந்துவிடும்.

வேகத்தோடு இது நிற்காது. தட்டு வேகமாகச் சுழன்றால் ஸ்ருதியும் ஏறும். கேசட் காலத்து ஆட்களுக்கு இது அத்துப்படி. பேட்டரி தீரப்போகும் டேப் ரெக்கார்டரில் பாட்டு மெதுவாகி, பாடகியின் குரல் ஆண்குரலாகி, கடைசியில் முனகலாகி நின்றது நினைவிருக்கும். இங்கே அதற்கு நேர் தலைகீழ். அரை ஸ்வரம் ஏற 5.95 சதவிகித வேகம் கூட வேண்டும். 5.4 சதவிகிதம் என்றால் கிட்டத்தட்ட அரை ஸ்வரம்.

‘வௌவால்’ ஓபரெட்டாவின் முன்னிசை ஏ மேஜரில் எழுதப்பட்டது. நம் ஊர் ஆர்மோனியக் கணக்கில் ஏ என்பது ஆறு கட்டை. மேலே சொன்ன தவறில் அது ஆறரைக் கட்டையை எட்டிப் பிடிக்கிறது. ரோசலிண்டின் உச்சி ‘டி’ ஸ்வரம் அதற்கும் அரை ஸ்வரம் மேலே தெறிக்கிறது. ‘அடேயப்பா, என்ன உச்சம்!’ என்று ஒருவர் வியப்பார். ‘குரலா இது, விசில் சத்தம்’ என்று இன்னொருவர் முகம் சுளிப்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பது மோட்டாரைப் பற்றி. பாடகியைப் பற்றி அல்ல.

துப்பறியும் காதுகள்

அப்படியானால் சரியான வேகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய பதிவுகளைப் புதுப்பிக்கும் ஒலிப்பொறியாளர்களின் வேலை கிட்டத்தட்டத் துப்பறிவாளர் வேலைதான்.

முதல் தடயம், அச்சிட்ட இசை நோட்டு. முன்னிசை ஏ மேஜர் என்று நோட்டில் இருக்கிறது. தட்டை ஓடவிட்டு, கடைசியில் ஏ மேஜரில் வந்து முடியும்படி சுழற்சியைக் கூட்டிக் குறைத்தால் போதும். ஸ்ருதி சரியானால் வேகமும் தானாகச் சரியாகிவிடும். பழைய தட்டில் இரண்டும் ஒரே கயிற்றில் கட்டிய மாடுகள்.

ஆனால், பாட்டுகளில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாப் பாடகர்களும் நோட்டில் இருக்கும் ஸ்ருதியிலேயே பாடுவதில்லை. உச்சி எட்டாதவர் அரை ஸ்வரமோ ஒரு ஸ்வரமோ இறக்கிப் பாடுவதுண்டு. வேலைக்காரி அடேல் பாடும் சிரிப்புப் பாட்டு ஜி மேஜர். பதிவில் அது அரை ஸ்வரம் இறங்கிக் கேட்டால், பாடகி இறக்கிப் பாடினாரா, தட்டு மெதுவாக ஓடுகிறதா? நோட்டு இதற்குப் பதில் சொல்லாது.

அப்போது இரண்டாவது தடயம். அதே நாளில், அதே இயந்திரத்தில் பதிவான மற்ற தட்டுகளைப் பார்க்கிறார்கள். தட்டின் நடுவில் பொறித்திருக்கும் வரிசை எண்கள் இதற்கு உதவும். அக்கம்பக்கத்து எண்கள் உள்ள தட்டுகளில் ஒன்றில் ஆர்க்கெஸ்ட்ரா மட்டும் வாசித்திருந்தால் அதிர்ஷ்டம். ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தொண்டை வலிக்காது. முன்னிசையை யாரும் ஸ்ருதி இறக்கி வாசிக்கப் போவதில்லை.

மூன்றாவது தடயம், குரலின் இயல்பு. பயிற்சி பெற்ற மேற்கத்தியப் பாடகரின் குரல் நீண்ட ஸ்வரத்தில் நொடிக்குச் சுமார் ஐந்து முதல் ஏழு முறை மெல்ல அதிரும். தட்டு வேகமாக ஓடினால் அந்த அதிர்வும் படபடக்கும். ‘ஆ’, ‘ஓ’ போன்ற உயிரெழுத்துகளின் நிறமும் மாறி, பெரிய மனுஷி குழந்தைக் குரலில் பேசுவது போலக் கேட்கும். பழகிய காது இதை உடனே பிடித்துவிடும்.

இதிலும் ஒரு பொடி. ஏ மேஜர் என்றால் எந்த ஏ? 1885-ல் வியன்னாவில் கூடிய சர்வதேச மாநாடு, ஏ ஸ்வரத்துக்கு நொடிக்கு 435 அதிர்வுகள் என்று பரிந்துரைத்தது. 1939-ல் லண்டனில் கூடிய மாநாடு அதை 440 ஆக்கியது. இரண்டுக்கும் இடையே அரை ஸ்வரத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். ஆனால், 1907-ன் தட்டை 440-க்குத் திருகி வைத்தால், உண்மையில் இருந்ததைவிட ஒரு சதவிகிதத்துக்கும் சற்று மேலாக வேகம் கூடிவிடும். அந்தந்த ஊரில், அந்தந்த அரங்கில் ஏ எவ்வளவு என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருக்கிறது.

நிஜமாகவே அவசரப்பட்டவர்கள்

பழிமுழுக்க மோட்டாரின் தலையில் என்று நினைக்க வேண்டாம். சில சமயம் கலைஞர்களும் உண்மையிலேயே அவசரப்பட்டார்கள். காரணம் தட்டின் அளவு. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். பன்னிரண்டு அங்குலத்தில் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ‘வௌவால்’ முன்னிசை சுமார் எட்டு நிமிடம். அதை இரண்டு பக்கமாக வெட்ட வேண்டும். அல்லது சில பகுதிகளை விட்டுவிட வேண்டும். அல்லது ஓட வேண்டும். மூன்றும் நடந்தன.

1948-ல் நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்குச் சற்று மேலே, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் அதிகம். அதோடு ஓபரெட்டாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அதன் பிறகு வந்த பதிவுகளில் வேகம் என்பது, நடத்துநர் தானே விரும்பித் தேர்ந்த வேகம். சாக்கு இல்லை.

ஒரே நோட்டு, இரண்டு வௌவால்கள்

அந்தப் புதிய காலத்தின் இரண்டு பதிவுகளை இன்றும் ரசிகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கிறார்கள்.

ஒன்று 1950-ல் கிளெமென்ஸ் கிராஸ் வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு செய்தது. வசனங்கள் இல்லை, இசை மட்டும். ஹில்டே கூடன் ரோசலிண்ட். ஜூலியஸ் பாட்சாக் ஐசன்ஸ்டைன். கிராஸ் வியன்னாவிலேயே பிறந்தவர். இன்று உலகமே பார்க்கும் வியன்னா புத்தாண்டுக் கச்சேரி வழக்கத்தை 1939 டிசம்பர் 31-ல் தொடங்கிவைத்தவரும் அவர்தான். அவருடைய பதிவில் எதுவும் வலிந்து வருவதில்லை. ஊர்க்காரர் ஒருவர் தன் தெருவில் நடப்பது போல இருக்கும்.

இன்னொன்று 1975-ல் கார்லோஸ் க்ளைபர் மியூனிக்கில் பவேரிய அரசு ஆர்க்கெஸ்ட்ராவோடு பதிவு செய்தது. யூலியா வாராடி ரோசலிண்ட். லூசியா பாப் அடேல். ஹெர்மன் ப்ரை ஐசன்ஸ்டைன். வாழ்நாளில் மிகக் குறைவாகவே பதிவு செய்த க்ளைபர், இந்த ஓபரெட்டாவுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். இவருடைய பதிவு, நாணேற்றிய வில் மாதிரி. முன்னிசையின் முதல் தெறிப்பிலேயே நிமிர்ந்து உட்கார வைத்துவிடும்.

இரண்டுமே ஏ மேஜர். இரண்டிலும் தட்டு சரியான வேகத்தில்தான் சுழல்கிறது. நோட்டில் ஒரு புள்ளி மாறவில்லை. ஆனாலும் ஒன்று மாலை நேர அரட்டை. மற்றது தீபாவளி மத்தாப்பு. குணம் எங்கிருந்து மாறுகிறது?

கொஞ்சம் குரல்களிலிருந்து. ஐசன்ஸ்டைனைக் கிராஸின் பதிவில் டெனர் பாடுகிறார். க்ளைபரின் பதிவில் அதைவிடக் கனமான பாரிடோன் குரல். அதே ஸ்வரங்கள்தான், ஆனால் இன்னொரு மனிதர். இளவரசர் ஓர்லோஃப்ஸ்கியை வழக்கமாக ஆண்வேடமிட்ட பெண்தான் பாடுவார்; ஸ்ட்ராஸ் எழுதியதும் அப்படித்தான். க்ளைபரின் பதிவில், கட்டைக்குரலுக்குப் பேர்போன இவான் ரெப்ராஃப் பொய்க்குரலில் பாடுகிறார். இன்றும் அதை ரசிப்பவர்களும் உண்டு, அந்த இடம் வந்தால் தாண்டிப்போகிறவர்களும் உண்டு.

ஆனால், முக்கியமான காரணம் வேறு. வேகம் என்பது ஒரே எண் இல்லை.

இரண்டாவது தட்டு

வால்ட்ஸ் என்றால் ஒன்று-இரண்டு-மூன்று. இதை மெட்ரோனோமில் வைத்து, மூன்று அடியும் சரிசமமாக வாசித்தால் வால்ட்ஸ் செத்துப்போகும். வியன்னாக்காரர்கள் இரண்டாவது அடியை ஒரு துளி முன்னதாகவே வைக்கிறார்கள். பிறகு மூன்றாவதுக்காகக் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கிறார்கள். இது நோட்டில் எழுதப்படவில்லை. ஆடுகிறவரின் பாவாடை சுழன்று வந்து நிற்கும் நேரம் அது. இன்னாருக்கு இவ்வளவு என்று அளந்து சொல்ல முடியாது. பழகித்தான் வர வேண்டும்.

க்ளைபர் இதை எப்படி வரவழைத்தார் என்பதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. 1970-ல் ஸ்டுட்கார்ட் வானொலி ஆர்க்கெஸ்ட்ராவோடு இதே முன்னிசையை அவர் ஒத்திகை பார்த்ததைப் படமாக்கியிருக்கிறார்கள். அதில் அவர் ‘இன்னும் வேகமாக’, ‘இன்னும் மெதுவாக’ என்று சொல்வதைவிடக் கதைகள் சொல்வதுதான் அதிகம். ஒரு சில நொடி இசைக்கு ஒரு மனிதரை, ஒரு மனநிலையை வரைந்து காட்டுகிறார். வாசிக்கிறவர்கள் முதலில் சற்று விறைப்பாகத்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக வில்லின் நுனி இளகுகிறது. வேகமானி முள் நகரவில்லை. ஆனால் இசை வேறாகிவிட்டது.

முன்னிசையின் உள்ளே மணி ஆறு முறை அடிக்கும். விருந்து முடிந்து ஐசன்ஸ்டைன் சிறைக்குப் போக வேண்டிய காலை ஆறு மணி அது. அதற்கு முன்னும் பின்னும் வேகம் எத்தனை முறை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஓபோ தனியாக அந்தப் பிரிவுப் பாட்டை இழைக்கும். பின்னாலேயே போல்கா எட்டிக் குதிக்கும். ஒரு குடும்பத்தின் பொய்கள் எல்லாம் எட்டு நிமிடத்துக்குள் கால் மாற்றி மாற்றி ஆடிவிட்டுப் போகின்றன.

போனில் ஒரு பரிசோதனை

இன்றைய போனில் வேகத்தை 1.25 என்று வைத்தால் ஸ்ருதி ஏறுவதில்லை. மென்பொருள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, நெருக்கி அடுக்கிவிடுகிறது. ஆறு கட்டை ஆறு கட்டையாகவே இருக்கும். பழைய தட்டில் ஒன்றாகக் கட்டியிருந்த இரண்டு மாடுகளையும் தொழில்நுட்பம் அவிழ்த்துவிட்டது.

அதனால் பிரச்னை தீர்ந்ததா? ‘வௌவால்’ முன்னிசையை ஒருமுறை 1.25-ல் கேட்டுப் பாருங்கள். ஸ்வரம் எல்லாம் சரி. ஆனால், ஓபோக்காரர் மூச்சு வாங்க நேரமில்லாமல் தவிப்பது போலிருக்கும். வால்ட்ஸின் அந்தக் காத்திருப்பு சுருங்கிப் போயிருக்கும். கணக்குச் சரி, மனிதர் காணாமல் போய்விட்டார்.

இன்னொன்றும் செய்யலாம். இணையத்தில் ஒரே பதிவு இரண்டு வேறு நீளங்களில் இருப்பதுண்டு. பழைய தட்டுதான் காரணம் என்றில்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் சினிமாவை ஐரோப்பிய டி.வி. 25 ஃப்ரேமில் ஓட்டிய காலத்தில், இசையும் நான்கு சதவிகிதம் வேகமாகி ஸ்ருதி ஏறியது. அந்தப் பிரதிகளும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. சந்தேகம் வந்தால் போனில் ஒரு பியானோ ஆப்பைத் திறந்து, முன்னிசையின் கடைசி முழக்கத்தோடு ஏ கட்டையை அழுத்திப் பார்க்கலாம். இரண்டும் ஒட்டிப் போனால் பதிவு சரி. உரசினால், நீங்கள் கேட்பது யாரோ கைவைத்த பிரதி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்தால் காதுக்கு நல்ல விளையாட்டு.

அந்தச் சோதனை முடிந்த பிறகுதான் உண்மையான கேட்டல் தொடங்குகிறது. பிரிவுப் பாட்டின் சோகத்தை நம்ப முடிகிறதா? அடேலின் சிரிப்பு ஸ்வரமாக எழுதப்பட்ட சிரிப்பு. அது சிரிப்பாகவே கேட்கிறதா, வெறும் பயிற்சியாகக் கேட்கிறதா? வால்ட்ஸ் வரும்போது தோள் தானாக அசைகிறதா? இவற்றுக்கு ஆப் கிடையாது.

மறுமுறை ஒரு பழைய தட்டில் கீச்சுக்குரல் ஒன்று அவசரமாகப் பாடினால், தீர்ப்பு எழுதுமுன் ஒரு நிமிடம் பொறுக்கலாம். புனலுக்கு முன்னால், மைக் இல்லாமல், நான்கு நிமிடத்துக்குள் ஒரு வாழ்க்கையைப் பாடி முடிக்க நின்ற பெண் அவர். ஆறு கட்டையில் பாடியவரை ஆறரைக் கட்டையில் கேட்டுவிட்டுக் குறை சொல்வது நியாயம் இல்லை.